வீட்டு ஒலிப்பதிவுக்கான ஸ்ரூடியோ மொனிற்றர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வீட்டு அறையொன்றில் கணினியும் ஒலிவாங்கியும், இரண்டையும் இணைக்கும் ஓடியோ இன்ரபேஸும் வைத்துக்கொண்டு மெல்லிசைப் பாடல், கோயில் பாமாலை, குறும்படப் பின்னணி, பள்ளிக்கூட விழாவுக்கான இசை என ஒலிப்பதிவு செய்வோர் இப்போது பெருகியிருக்கின்றனர். மொனிற்றர் ஸ்பீக்கர்களைப் பற்றி அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்படுகின்றன. பத்துக்குப் பத்து அல்லது பத்துக்குப் பன்னிரண்டு அடிச் சீமெந்து அறை, ரைல்ஸ் பதித்த நிலம், இரண்டு யன்னல், ஒரு மின்விசிறி என்பதே இங்கு பொதுவான நிலைமை என்பதால், விடைகளும் அந்த அறையை மனதிற்கொண்டே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: வீட்டில் ஏற்கெனவே ஹோம் தியேட்டர் இருக்கிறது. அதிலேயே கேட்டு மிக்ஸ் செய்ய (பதிந்த குரலையும் கருவிகளையும் அளவு பார்த்து ஒன்றுசேர்க்க) முடியாதா?

செய்யலாம், ஆனால் அது சொல்வதை நம்ப முடியாது. வீட்டுப் பாவனைக்கு விற்கப்படும் ஸ்பீக்கர்கள் கேட்பவரை மகிழ்விக்கும் நோக்கில் செய்யப்படுபவை. தாழ்ந்த ஒலியும் கூரிய ஒலியும் சற்றுத் தூக்கிக் காட்டப்பட்டிருக்கும். குரல் வாழும் நடுப்பகுதி பின்வாங்கியிருக்கும். அதில் கேட்டு மிக்ஸ் செய்பவர், தாழ்ந்த ஒலி தாராளமாக இருக்கிறது என்று எண்ணி அதைக் குறைத்துவிடுவார். அதே பாடலை வேறோர் இடத்தில் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) காணாமற்போய், குரல் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். மொனிற்றர், தனக்குக் கிடைக்கும் ஒலியின் எல்லா மீடிறன்களையும் இயன்றவரை சமமாக வெளியிடுவதற்கென வடிவமைக்கப்படுவது. இப்போது கிடைக்கும் பெரும்பாலானவற்றில் தாழ்ந்த ஒலிக்கான வூஃபருக்கு ஒன்று, கூரிய ஒலிக்கான ட்வீற்றருக்கு ஒன்று என உள்ளேயே அம்ப்ளிபயர்கள் இருப்பதால் தனியாக ஓர் அம்ப் வாங்கவும் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்வது பொருந்தும். 1978ஆம் ஆண்டு யமஹா நிறுவனம் வீட்டுப் பாவனைக்கென வெளியிட்ட என்.எஸ். 10 எம் என்ற ஸ்பீக்கர் வீட்டுக்காரர்களைப் பெரிதாகக் கவரவில்லை. ஒலிப்பதிவுக்கூடங்களோ அதை எடுத்துக்கொண்டன; 2001இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரையிலும், அதற்குப் பிறகும்கூட, அதன் வெள்ளைக் கூம்பு உலகெங்கும் மிக்ஸர் மேசைகளின் மேல் இருந்தது. நடுப்பகுதியில் உள்ள குறைகளை ஒளிக்காமல் காட்டியதே அதற்குக் கிடைத்த மதிப்பின் காரணம். இன்றைய யமஹா எச்.எஸ். வரிசையின் வெள்ளைக் கூம்பு அந்த மரபின் தொடர்ச்சிதான்.

கேள்வி: நல்ல ஹெட்போன் ஒன்றே போதாதா?

பாடகர் பாடும்போது மூடிய வகை ஹெட்போன் கட்டாயம் வேண்டும். இல்லையேல் பின்னணி இசை ஒலிவாங்கிக்குள் புகுந்துவிடும். மிக்ஸ் செய்யும்போது நிலைமை வேறு. ஹெட்போனில் இடப்பக்க ஒலி இடக்காதுக்கு மட்டுமே போகிறது. ஸ்பீக்கரில் இரண்டு ஒலியும் இரண்டு காதையும் வந்தடைகின்றன. எனவே ஹெட்போனில் இடம் வலம் மிகையாக விரிந்து கேட்கும். ரிவெர்ப் (செயற்கையாகச் சேர்க்கும் எதிரொலிப்பு) எவ்வளவு போட்டிருக்கிறோம் என்பதும் பிடிபடாது. மறுபுறம், வாய்ச்சத்தம், மூச்சு, வெட்டி ஒட்டிய இடத்தில் எழும் சிறு ‘டிக்’ ஒலி ஆகியவற்றை ஹெட்போனே நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டுக்கும் பணம் இல்லை, அறையையும் இப்போதைக்கு ஒன்றும் செய்ய முடியாது என்றால், முதலில் நல்ல ஹெட்போனை வாங்குங்கள் என்பதே எமது ஆலோசனை. மொனிற்றர் விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

கேள்வி: எத்தனை அங்குல வூஃபர் உள்ளதை வாங்க வேண்டும்?

மேலே சொன்ன அளவுள்ள அறைக்கு ஐந்து அங்குலம் போதும். எட்டு அங்குலம் வாங்கினால் இன்னும் தாழ்ந்த ஒலி கேட்கும் என்பது உண்மை. அந்தத் தாழ்ந்த ஒலியைச் சிறிய சீமெந்து அறை ஒழுங்காக வைத்திருக்குமா என்பதே பிரச்சினை.

எண்களில் பார்ப்போம். ஹேர்ட்ஸ் மீடிறனின் அலகு, எண் குறையக் குறைய ஒலி தாழும்; டெசிபெல் ஒலியளவின் அலகு. யமஹா எச்.எஸ். 5 இன் ஒலி 54 ஹேர்ட்ஸ் வரை இறங்குவதாக அந்நிறுவனம் குறிப்பிடுகிறது, எச்.எஸ். 8 ஆனது 38 ஹேர்ட்ஸ் வரை. இவை பத்து டெசிபெல் குறைந்துபோன நிலையில் எடுத்த கணக்குகள். மூன்று டெசிபெல் மட்டுமே குறையும் இடத்தைக் கேட்டால் எச்.எஸ். 5 க்கு 74 ஹேர்ட்ஸ் என்பதே விடை. எனவே விளம்பரத்தில் உள்ள எண்ணைப் பார்க்கும்போது, எத்தனை டெசிபெல் சரிவில் அது எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி இசைப்பக்கம். கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹேர்ட்ஸ். பேஸ் கிற்றாரின் தாழ்ந்த தந்தி 41 ஹேர்ட்ஸ். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலுக்கு மீட்டும் தம்புராவின் மந்தர சட்சம் ஏறத்தாழ 65 ஹேர்ட்ஸ். வாய்ப்பாட்டு, வயலின், புல்லாங்குழல், நாதஸ்வரம் என வேலை செய்பவருக்கு ஐந்து அங்குலத்தில் குறை தெரியாது. பேஸ் கிற்றாரின் 41 ஹேர்ட்ஸ் அதில் நேராகக் கேட்காவிட்டாலும், அதன் இரட்டிப்பான 82 ஹேர்ட்ஸ் முதலிய மேற்சுரங்கள் கேட்பதால் சுரம் எது என்று காது கண்டுகொள்ளும். மூன்றரை அங்குல வகை, மேசையில் இடமே இல்லாதவர்களுக்கும் காணொளிக்குக் குரல் பதிபவர்களுக்கும் ஏற்றது; தவிலை அதில் வைத்து மிக்ஸ் செய்ய முயல வேண்டாம்.

கேள்வி: அப்படியென்றால் எந்த மொடலை வாங்குவது?

இந்த விலைத்தட்டில் பெயர்பெற்றவை யமஹா எச்.எஸ். 5, ஜே.பி.எல். 305 பி மார்க் 2, கே.ஆர்.கே. ரொக்கிற் 5, அடம் ரி5வி ஆகியன. இன்னும் கீழே வந்தால் பிரிசோனஸ் எரிஸ் 3.5 உண்டு. குரலே முதன்மையாக உள்ள வேலைக்கு எச்.எஸ். 5 ஐ நாம் விரும்புகிறோம்; நடுப்பகுதியைச் சற்றுக் கண்டிப்பாகக் காட்டுவதால், ‘ச’, ‘ஸ’ உறுத்துவதும் நாதஸ்வரத்தின் சீறலும் உடனே தெரிந்துவிடும். நீண்ட நேரம் கேட்க அது இனிமையான ஸ்பீக்கர் இல்லை என்று சிலர் சொல்வதும் நியாயமே.

மொடலின் பெயரை விடவும் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, காற்று வெளியேறும் துளை எங்கே இருக்கிறது என்பது. எச்.எஸ். 5, 305 பி, ரி5வி ஆகியவற்றுக்குத் துளை பின்பக்கம், ரொக்கிற்றுக்கு முன்பக்கம். மேசையைச் சுவரோடு ஒட்டி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லாத அறையில் முன்துளை உள்ளது கொஞ்சம் வசதி. இரண்டாவது, விலை. பல மொனிற்றர்கள் தனித்தனியாகவே விற்கப்படுகின்றன. கொழும்புக் கடைக்குத் தொலைபேசியில் விலை கேட்கும்போது, சொல்லப்பட்டது ஒன்றின் விலையா சோடியின் விலையா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நானூறு கிலோமீற்றர் தாண்டிப் பெட்டி வந்து சேர்ந்த பிறகு ஒன்றே ஒன்று உள்ளே இருப்பதைக் காண்பது நல்ல அனுபவம் ஆகாது.

நேரில் கேட்டு வாங்க வாய்ப்புக் கிடைத்தால், உங்களுக்கு நன்கு பழகிய பாடல்களை எம்.பி.3 ஆக இல்லாமல் வேவ் கோப்பாகக் கொண்டு செல்லுங்கள். இரண்டு மொடல்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்த அளவில் ஒலிக்க வேண்டும். ஒன்று மற்றதை விடச் சற்றுக் கூடுதலாக ஒலித்தாலே, அதுதான் நல்லது என்று காது முடிவு செய்துவிடும்.

கேள்வி: கனடாவில் உள்ள அண்ணா மொனிற்றர் சோடி ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். இங்கே பாவிக்கலாமா?

பிளக்கில் செருகுவதற்கு முன் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பாருங்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பின்பக்கத்தில் ‘100 முதல் 240 வரை’ என்ற பொருளில் அச்சிட்டிருந்தால் பவர் வயரை மட்டும் மாற்றினால் போதும். 115, 230 எனத் தெரிவு செய்யும் சிறிய சுவிச் இருந்தால், அதைச் சரியான பக்கம் தள்ளிய பிறகே செருக வேண்டும். 120 என்று மட்டும் இருந்தால், நேரடியாகச் செருகிய மறுகணம் அதன் மின்வழங்கி எரிந்துபோக வாய்ப்பு அதிகம்.

120 வோல்ற் மட்டும் ஏற்கும் சோடிக்கு ட்ரான்ஸ்போமர் வைத்துப் பாவிக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். இரண்டு ஸ்பீக்கர்களின் மொத்த வாட் அளவைப் போல் இரு மடங்கு தாங்கும் ட்ரான்ஸ்போமர், அதன் வழியாகவும் ஏர்த் இணைப்பு அறாமல் வருவது, அது எழுப்பும் உறுமல் ஒலிவாங்கிக்கு எட்டாமல் இருப்பது என இதில் பார்க்க வேண்டியவை பல. அண்ணா இன்னும் வாங்கவில்லை என்றால், வாங்கும் முன் பின்பக்கப் படம் ஒன்றை அனுப்பச் சொல்வதே இலகு. இலண்டன், பாரிஸ், சூரிச் என ஐரோப்பாவிலிருந்து வருபவற்றுக்கு வோல்ற்றளவுப் பிரச்சினை இல்லை. பிளக்கின் வடிவம் மட்டும் வேறுபடலாம்.

கேள்வி: அறையில் எங்கே, எப்படி வைப்பது?

செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதில்தான் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். சிறிய அறையில் பக்கம் ஒவ்வொன்றும் மூன்றரை முதல் நான்கு அடி வரை இருந்தால் போதும். ட்வீற்றர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். கதிரையில் அமர்ந்தவரின் காது பொதுவாக நிலத்திலிருந்து நான்கு அடி அளவில் இருக்கும், மேசையோ இரண்டரை அடிதான். எனவே ஸ்பீக்கரை மேசையில் அப்படியே வைத்தால் ட்வீற்றர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கும். உறுதியான மரக்கட்டைகளை அடியில் வைத்து உயர்த்தலாம், அல்லது சற்று மேல்நோக்கிச் சாய்க்கலாம். கட்டைக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் அடர்த்தியான இறப்பர் துண்டு ஒன்றை வைத்தால் மேசை அதிர்வது குறையும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் குறுகிய சுவரைப் பார்த்து அமர்வது நல்லது. ஒலி பின்சுவருக்குப் போய்த் திரும்ப அதிக தூரம் கிடைக்கும். இடப்பக்கச் சுவருக்கும் வலப்பக்கச் சுவருக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் திறந்த கதவும் இருந்தால், நடுவில் நிற்க வேண்டிய குரல் ஒரு பக்கம் சாய்ந்தது போல் கேட்கும்.

அடுத்தது, அறையின் நீளத்தில் எங்கே அமர்வது என்பது. இங்கே கொஞ்சம் இயற்பியல் வேண்டும். எமது வெப்பநிலையில் ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 349 மீற்றர் செல்கிறது. எதிரெதிரான இரு சுவர்களின் இடைத்தூரம் அரை அலைநீளமாக அமையும் மீடிறனில் அறை பரிவுறும். பத்து அடி, அதாவது 3.05 மீற்றர் இடைவெளிக்கு அது 57 ஹேர்ட்ஸ். பன்னிரண்டு அடிக்கு 48 ஹேர்ட்ஸ். இவற்றின் இரட்டிப்பான 114, 95 ஆகியவற்றிலும் பரிவு உண்டு. தொப்பியின் கும்கி, பேஸ் கிற்றார், கிக் ட்ரம் எல்லாம் வாழும் பகுதி இதுவே. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து அடியாக உள்ள அறையில் மூன்று பரிவுகளும் ஒரே 57 இல் விழுந்து ஒன்றையொன்று வலுப்படுத்தும். ஒலிப்பதிவுக்கு அதைவிடப் பொருத்தமற்ற அறை அமைவது கடினம். வீட்டில் வேறு அறை இருந்தால் அதைப் பாருங்கள்.

அறையின் சரி நடுவில் அமர்ந்தால் அந்த முதற் பரிவின் மீடிறன் அங்கே கேட்கவே கேட்காது. பின்சுவரோடு ஒட்டி அமர்ந்தால் அளவுக்கு மீறிக் கேட்கும். முன்சுவரிலிருந்து நீளத்தின் 38 சதவீதத் தூரத்தில் தலை இருப்பது நல்ல தொடக்கம் என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. பன்னிரண்டு அடிக்கு அது நாலரை அடி. அங்கிருந்து கதிரையை அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, பேஸின் எல்லாச் சுரங்களும் ஓரளவு ஒரே பலத்தில் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஸ்பீக்கருக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் இடையில் விட வேண்டிய தூரம் குறித்து வேறுபட்ட அறிவுரைகள் கிடைக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதி ஒரு மீடிறனை அழிக்கிறது. ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி இருந்தால் அழிவது 87 ஹேர்ட்ஸ் அளவில். அரை மீற்றர் என்றால் 175 அளவில். சிறிய அறையில் ஒரு மீற்றர் தள்ளி வைத்து 87 ஐ இழப்பதை விட, சுவருக்கு அருகே வைத்து அழிவை மேலே தள்ளிவிடுவது மேல். மேலே உள்ளதைத் தடித்த உறிஞ்சிகளால் ஓரளவு சமாளிக்கலாம். பின்துளை மூச்சுவிட ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். சுவருக்கு அருகே வரும்போது தாழ்ந்த ஒலி பெருக்கும். அதைக் குறைக்கவே எச்.எஸ். 5 இன் பின்னால் 500 ஹேர்ட்ஸுக்குக் கீழே இரண்டு அல்லது நான்கு டெசிபெல் குறைக்கும் சுவிச் இருக்கிறது. மூலைக்குள் மட்டும் வைக்க வேண்டாம்.

கேள்வி: அறை எதிரொலிக்கிறது. சுவரில் முட்டைத் தட்டுகள் ஒட்டலாமா?

வேண்டாம். மெல்லிய காகித அட்டை கூரிய ஒலியைச் சிறிது சிதறடிக்கும். வேறு பயன் எதுவும் இல்லை. தீப்பற்றும், ஈரம் இழுக்கும், கரப்பான்பூச்சி குடியேறும் என்பவை உபரி.

ஒலியை உறிஞ்ச வேண்டுமானால், காற்று உட்புகக்கூடிய நாரும் தடிப்பும் வேண்டும். ஓரங்குல ஃபோம் கைதட்டலின் கிணுகிணுப்பை அடக்கும். குரலின் கனத்தையும் அதற்குக் கீழே உள்ளதையும் தொடவே தொடாது. அதை அறை முழுவதும் ஒட்டினால், மேலே செத்துக் கீழே குமுறும் அறை ஒன்று கிடைக்கும். வீட்டில் ஸ்ரூடியோ அமைப்போர் பலர் செய்யும் செலவு இதுதான், பயன் தராத செலவும் இதுதான். நான்கு அங்குலத் தடிப்புள்ள ரொக் வூல் பலகைகளை மரச்சட்டத்தில் இட்டு, வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் போகும் துணியால் போர்த்தி, சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளித் தொங்கவிடுவது முறையான வழி. அது கைக்கு எட்டாதவர்கள் தும்பு மெத்தையையோ இலவம்பஞ்சு மெத்தையையோ நிமிர்த்தி வைத்துப் பார்க்கலாம். இவை அளந்து செய்த உறிஞ்சிகளுக்கு ஈடாகா. ஆனால் நாரும் தடிப்பும் உண்டு, வீட்டிலும் உண்டு. உடுப்பு நிறைந்த திறந்த அலுமாரியும், துணியுறை போட்ட கனத்த சோபாவும் அறையில் இருப்பது நன்மையே.

எங்கே வைப்பது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் கதிரையில் அமர்ந்திருக்க, இன்னொருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டியபடி மெதுவாக நகர்த்த வேண்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கரின் ட்வீற்றர் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஒலி சுவரில் பட்டு உங்கள் காதுக்குத் தெறிக்கிறது. இரு பக்கச் சுவர்களிலும் அந்த இடங்களில் ஒவ்வோர் உறிஞ்சி. கூரை கொங்கிறீற் தட்டானால் தலைக்கு மேலேயும் ஒன்று. நிலத்து ரைல்ஸின் மேல் தடித்த விரிப்பு. மிஞ்சிய தடிப்பான பொருள் எதுவானாலும் அறையின் மூலைகளுக்குப் போகட்டும்; எல்லாப் பரிவுகளும் வந்து குவியும் இடம் மூலை. பழைய நாற்சார் வீட்டின் ஓட்டுக்கூரை அறை கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். சரிந்த கூரையும் ஓட்டு இடுக்குகளும் ஒலியின் ஒரு பங்கை வெளியே விட்டுவிடுகின்றன.

எல்லாம் வைத்த பிறகு, கணினியில் 30 ஹேர்ட்ஸிலிருந்து 300 வரை மெதுவாக ஏறும் ஒற்றைத் தொனி ஒன்றைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள். ஓரிடத்தில் தொனி பொங்கும், ஓரிடத்தில் மறையும். இன்னோரிடத்தில் யன்னல் கண்ணாடி அதிரும், அல்லது சுவரில் ஆணியில் தொங்கும் சாமிப்படத்தின் சட்டம் சுவரோடு அடித்து ‘றர்ர்’ என்று இரையும். அந்த இரைச்சலை மிக்ஸில் உள்ள குறை என்று எண்ணி வெட்டித் தள்ளுபவர்கள் உண்டு. சட்டத்தின் பின்னால் ஒரு துண்டு ஃபோம் செருகினால் அது நின்றுவிடும். எண்ணில் பார்க்க விரும்புவோருக்கு, அளவீட்டு ஒலிவாங்கி ஒன்றுடன், ரூம் ஈ.கியூ. விசார்ட் என்ற இலவச மென்பொருள் போதுமானது.

கேள்வி: சப்வூஃபர் (மிகத் தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) வாங்கினால் தாழ்ந்த ஒலி தெளிவாகுமே?

பத்து அடி அறையில் தெளிவாகாது, கூடும். மேலே சொன்ன பரிவுகளுக்குத் தீனி போடும் வேலை அது. பக்கத்து வீட்டாரின் பொறுமையையும் கணக்கில் எடுங்கள்.

கேள்வி: எந்த வயரால் இணைப்பது? ‘ம்ம்’ என்ற உறுமல் கேட்கிறதே?

இன்ரபேஸிலிருந்து மொனிற்றருக்கு பலன்ஸ்ட் வயர் பாவியுங்கள். அதன் ஜக்கில் முனைக்கு அருகே இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். கிற்றார் வயரின் ஜக்கில் ஒன்றுதான். மறுமுனை மூன்று ஊசியுள்ள எக்ஸ்.எல்.ஆர். ஆகவும் இருக்கலாம். பலன்ஸ்ட் வயரில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் எதிரெதிராகச் செல்கிறது. வழியில் இரண்டிலும் ஒரேமாதிரி ஏறும் இரைச்சல், மொனிற்றர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது அழிந்துவிடுகிறது. ஃபோக்கஸ்ரைற் ஸ்கார்லெற் 2ஐ2 போன்ற இன்ரபேஸ்களில் இதற்கான வெளியீடு உண்டு. கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து நேரே எடுப்பது தற்காலிகத்துக்கு மட்டும். புளூரூத் இணைப்பு மிக்ஸுக்கு உதவாது. ஒலி பிந்தி வரும்.

உறுமல் இருந்தால் காரணத்தை ஒழுங்காகத் தேட வேண்டும். முதலில் மொனிற்றரிலிருந்து ஒலி வயரைக் கழற்றுங்கள். உறுமல் நிற்காவிட்டால் குறை மொனிற்றரிலோ மின் இணைப்பிலோ உள்ளது. நின்றால் வயரை மீண்டும் செருகி, மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் அகப்படும். மின்விசிறியின் வேகக் கட்டுப்பாட்டுக் குமிழும், ஒளி குறைக்கும் சுவிச்சும், மலிவான எல்.ஈ.டி. விளக்குகளும் அடுத்த சந்தேக நபர்கள். கணினி, இன்ரபேஸ், மொனிற்றர் எல்லாம் ஒரே பிளக் பொயின்றிலிருந்து பிரியும் தரமான நீட்டு வயரில் இருந்தால் பல உறுமல்கள் தாமாகவே மறையும்.

ஏர்த் ஊசியை முறித்தால் அல்லது அதன் கம்பியைக் கழற்றினால் உறுமல் நிற்கும் என்று சிலர் வழி சொல்வார்கள். நிற்கலாம், ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் அது உலோகப் பகுதிகளில் ஏறி, ஒலிவாங்கியைத் தொட்டுக்கொண்டு பாடுபவரைத் தாக்கும். எக்காரணம் கொண்டும் அதைச் செய்யாதீர்கள். பழைய வீடுகளில் சுவரிலுள்ள மூன்றாவது துளைக்குப் பின்னால் ஏர்த் கம்பியே இல்லாமல் இருப்பதும் உண்டு. மொனிற்றர் வாங்கும் பணத்தில் சிறு பங்கை எடுத்து, தகுதியுள்ள மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு அதையும் ட்ரிப் சுவிச்சையும் சோதிப்பியுங்கள்.

கேள்வி: எவ்வளவு சத்தத்தில் கேட்டு மிக்ஸ் செய்ய வேண்டும்?

பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய அளவில். சிறிய அறைக்கு அது 70 முதல் 76 டெசிபெல் வரை இருக்கும். கைத்தொலைபேசியின் அளவீட்டுச் செயலி துல்லியமாக இல்லாவிட்டாலும் திசையைக் காட்டும். காது எல்லா மீடிறன்களையும் ஒரே அளவில் உணர்வதில்லை. சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலி கூடுதலாகக் குறைந்து கேட்கும் என்பதை ஃபிளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே அளந்து காட்டினர். ஆகவே, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே மிக்ஸ் செய்பவரின் முடிவுகளும் மாறிக்கொண்டே இருக்கும். குமிழில் ஓரிடத்தைத் தேர்ந்து ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறியிட்டு, பெரும்பாலான வேலையை அங்கேயே செய்யுங்கள்.

செவிக்கும் எல்லை உண்டு. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபெலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றும், மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாக வேண்டும் என்றும் வரையறுக்கிறது. தவில் கச்சேரி ஒன்றைக் கேட்டு வந்த இரவில் மிக்ஸ் செய்ய அமர வேண்டாம்.

கேள்வி: கோயில் ஒலிபெருக்கி, வீதிச் சத்தம், மின்விசிறி இவற்றுக்கு என்ன செய்வது?

சுவரில் தொங்கும் உறிஞ்சிகள் வெளிச்சத்தத்தை நிறுத்தமாட்டா. அறைக்குள் தெறிப்பதைக் குறைப்பது வேறு, வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது வேறு. பின்னதற்குக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். கதவின் அடி இடுக்கையும் யன்னல் சட்டத்தின் ஓரங்களையும் இறப்பர் பட்டியால் அடைப்பது ஓரளவு கைகொடுக்கும். திருவிழாக் காலத்தில் நல்லூர்ப் பக்கத்தில் வீடுள்ளவர்கள் குரல் பதிவை நடுச்சாமத்துக்குத் தள்ளிவைப்பதே நடைமுறை. மிக்ஸ் செய்யும்போது மின்விசிறி ஓடினால் ரிவெர்பின் வால் காதுக்கு எட்டாது. முக்கியமான முடிவுகளை எடுக்கும் சில நிமிடங்களுக்கேனும் அதை நிறுத்த வேண்டும், வைகாசி வெக்கையிலும்தான்.

கேள்வி: மொனிற்றரில் நன்றாக இருந்தது, பஸ்ஸில் கேட்டால் படுமோசம். பிழை ஸ்பீக்கரிலா?

பெரும்பாலும் இல்லை. மொனிற்றரை அந்த அறையில் இன்னும் பழகவில்லை என்பதே காரணம். புதிய சோடி வந்தவுடன் மிக்ஸ் செய்யத் தொடங்காமல், உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்த, நன்கு ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாடல்களை அதில் நாள்தோறும் கேளுங்கள். அப்பாடல்களில் தொப்பி எவ்வளவு எழுகிறது, குரல் இசைக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது உங்கள் அறையில் எப்படிக் கேட்கிறதோ, அதுவே உங்கள் அளவுகோல்.

மிக்ஸ் செய்யும்போதும் அவற்றில் ஒன்றை அதே திட்டக்கோப்பில் தனித் தடத்தில் இட்டு, இடையிடையே மாறி மாறிக் கேட்பது நல்ல பழக்கம். வெளியான பாடல் மாஸ்ரரிங் (வெளியீட்டுக்கான இறுதி மெருகு) செய்யப்பட்டு உரத்து ஒலிக்கும் என்பதால், உங்கள் மிக்ஸின் அளவுக்கு அதைக் குறைத்த பிறகே ஒப்பிட வேண்டும். அதே வகைப் பாடலைத் தேர்வதும் முக்கியம்: சினிமாக் குத்துப்பாட்டை அளவுகோலாக வைத்துத் தேவாரத்தை மிக்ஸ் செய்தால், ஓதுவாரின் குரலுக்கு அடியில் தேவையற்ற குமுறல் வந்து சேரும்.

பின்னர் மொனோவில், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, கேளுங்கள். கைத்தொலைபேசி, கடையில் மாட்டிய ஒற்றை ஸ்பீக்கர், கோயில் ஹோண் எல்லாம் நடைமுறையில் மொனோதான். அகலப்படுத்தும் பிளகின் (மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) போட்ட கீபோட் இசை மொனோவில் பாதியாக மெலிந்தால், அதன் இரு பக்கங்களும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். அடுத்து, மொனிற்றரை மிகமிகக் குறைத்து, அடுத்த அறையில் நின்று கேளுங்கள். அப்போதும் பாடல் வரிகள் விளங்கினால் குரலின் அளவு சரி. கடைசியாகக் கைத்தொலைபேசியிலும், கார் ஒன்றிலும், முடிந்தால் வான் ஒன்றிலும் கேட்டு, ஒவ்வோரிடத்திலும் உறுத்தியதைத் தாளில் எழுதுங்கள். எல்லா இடத்திலும் உறுத்தியதை மட்டும் திருத்துங்கள். ஒரு வானில் மட்டும் பேஸ் அதிர்ந்தது என்று அதற்காக மிக்ஸை மாற்றினால், அந்த வானின் சாரதிக்கு மட்டும் பாடல் நன்றாக இருக்கும். இங்கே செய்த பாடலை ஸ்காபரோவில் காரில் கேட்பவரும் இருக்கிறார்.

கேள்வி: மின்னல், மின்வெட்டு, உப்புக்காற்று இவற்றிலிருந்து எப்படிக் காப்பது?

ஐப்பசி, கார்த்திகையிலும் பங்குனி, சித்திரையிலும் இடி கேட்டால் சுவிச்சை நிறுத்துவதோடு நில்லாமல் பிளக்கையே கழற்றுங்கள். இணைய இணைப்பின் வயர் கணினிக்கு வருகிறது என்றால் அதையும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும் கணத்தில் மொனிற்றர்கள் திறந்தபடி இருக்கக்கூடாது. வழக்கமான ஒழுங்கு இதுதான்: மொனிற்றரைக் கடைசியாகத் திறக்க வேண்டும், முதலில் நிறுத்த வேண்டும். இன்ரபேஸ் உயிர்பெறும்போது எழும் ‘டப்’ என்ற ஒலி ட்வீற்றருக்கு நல்லதல்ல.

குருநகர், பருத்தித்துறை, ஊர்காவற்றுறை போன்ற கடலோர இடங்களில் ஜக்குகளிலும் துளைகளிலும் பச்சை படிந்து, ஒலி கரகரப்பது வழக்கம். அவ்வப்போது செருகிக் கழற்றுவதும், மின்தொடுகைகளைத் துடைக்கும் திரவத்தால் சுத்தம் செய்வதும் உதவும். ட்வீற்றரின் குவிமாடத்தை மட்டும் விரலாலோ துணியாலோ தொட வேண்டாம். பல நாள் பாவிக்காமல் விட்டால் துணி போர்த்தி வையுங்கள்; பொலித்தீன் வேண்டாம், உள்ளே வியர்க்கும். பின்துளை பல்லிக்கு மிகவும் பிடித்த இடம் என்பதை இங்கே வசிப்பவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முட்டை உள்ளே உருளுவதோடு போனால் பரவாயில்லை; பல்லி அம்ப்ளிபயர் தகட்டில் விழுந்தால் திருத்தச் செலவு ஆரம்பமாகும். பாவிக்காத வேளையில் துளையைப் பஞ்சுத் துண்டால் அடைத்து, திறக்கும் முன் மறக்காமல் எடுங்கள்.

கேள்வி: பாவித்த சோடி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

சோதித்துவிட்டு வாங்கலாம். எதையும் இணைக்காமல் மொனிற்றரைத் திறந்து ட்வீற்றருக்கு அருகே காதை வையுங்கள். மெல்லிய சீற்றம் இயல்பு, வெடிப்பும் உறுமலும் இயல்பல்ல. கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள்: ஃபோம் என்றால் எங்கள் ஈரப்பதத்தில் பொடியாகத் தொடங்கியிருக்கலாம், இறப்பர் என்றால் நீண்ட நாள் தாங்கும். மெதுவாக ஏறும் ஒற்றைத் தொனியை முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் ஓடவிட்டால் வூஃபர் உரசுவது தெரியும். பின்னர் ஒரே குரலை மொனோவாக இரண்டிலும் ஒலிக்கவிடுங்கள். குரல் இரண்டுக்கும் சரி நடுவில், ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். எங்கே என்று சொல்ல முடியாமல் பரவிக் கேட்டால் ஒன்றின் வயர் உள்ளே தலைமாறியிருக்கலாம். பின்பக்கத்தில் உள்ள தொடரிலக்கங்களையும் வோல்ற்றளவையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே மொடலின் ஒரே தலைமுறைதானா என்று பாருங்கள். ஒன்று பழுதாகிப் பின்னர் வேறெங்கோ வாங்கிச் சேர்த்த சோடி என்றால், விலையைக் குறைத்துக் கேட்க அது போதுமான காரணம்.